எந்தக் கருவி எதை நம்பியிருக்கிறது? கிராஃப் டேட்டாபேஸ் தரும் பதில்

பெரும்பாலான தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும். அதற்காகக் கிடங்குகளில் உள்ள குளிர்பெட்டிகளில் வெப்பநிலை சென்சார்களைப் பொருத்துகிறார்கள். சென்சார் அதே கட்டடத்தில் உள்ள கேட்வே என்ற சிறு கணினிக்குத் தகவல் அனுப்பும். வெப்பம் கூடினால் எச்சரிக்கும் மென்பொருள் அந்தக் கேட்வேயிலேயே ஓடும். இப்படிக் கருவிகளுக்கு அருகிலேயே நடக்கும் கணினி வேலையை எட்ஜ் என்கிறோம். எல்லாக் கிடங்குகளையும் ஒப்பிடும் அறிக்கைகள் தொலைவில் உள்ள பெரிய சர்வர்களில், அதாவது கிளவுடில், தயாராகும். இணையம் துண்டிக்கப்பட்டாலும் எச்சரிக்கை நிற்கக்கூடாது என்பதற்காகவே இந்தப் பிரிவினை.

பத்துக் குளிர்பெட்டிகளுக்கு ஒரு எக்செல் தாள் போதும். ஆயிரக்கணக்கில் பெருகினால் போதாது. ‘என்னென்ன கருவிகள் இருக்கின்றன?’ என்பதற்கு அப்போதும் பட்டியலில் பதில் கிடைக்கும். ‘இந்தக் கேட்வே நின்றால் எந்தெந்தக் குளிர்பெட்டிகள் கண்காணிப்பை இழக்கும்?’ என்பதற்குக் கிடைக்காது. அந்தப் பதில் கருவிகளுக்கு இடையிலான தொடர்புகளில் இருக்கிறது.

1970-இல் கணினி விஞ்ஞானி எட்கர் காட் முன்வைத்த முறைப்படி, வழக்கமான டேட்டாபேஸ் தகவலை அட்டவணைகளாக வைக்கிறது. ஒரு தொடர்பைப் பின்பற்ற இரண்டு அட்டவணைகளைப் பொருத்திப் பார்க்க வேண்டும். தொடர்புகள் ஐந்தாறு கட்டம் நீண்டால், அல்லது எத்தனை கட்டம் என்றே முன்கூட்டித் தெரியாவிட்டால், கேள்வியை எழுதுவதும் கடினம், பதில் வருவதும் தாமதம்.

கிராஃப் டேட்டாபேஸில் ஒவ்வொரு பொருளும் ஒரு கணு. கணுக்களுக்கு இடையிலான உறவும் பெயரோடு சேமிக்கப்படுகிறது. குளிர்பெட்டியைச் சென்சார் ‘கண்காணிக்கிறது’. அந்தச் சென்சார் கேட்வேக்குத் தகவல் ‘அனுப்புகிறது’. எச்சரிக்கை மென்பொருள் அதே கேட்வேயில் ‘ஓடுகிறது’. அந்த மென்பொருள் ஒரு பாதுகாப்புச் சான்றிதழை ‘நம்பியிருக்கிறது’. சான்றிதழ்க் கணுவில் அது காலாவதியாகும் தேதி இருக்கும். இந்த மாதம் காலாவதியாகும் சான்றிதழிலிருந்து உறவுகளைப் பிடித்துக்கொண்டே போனால், மென்பொருள், கேட்வே, சென்சார் வழியாக ஆபத்தில் இருக்கும் குளிர்பெட்டிகள் வரை ஒரே கேள்வியில் போய்ச் சேரலாம்.

எது எதை நம்பியிருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பதன் அவசியத்தை 2021 டிசம்பர் உலகுக்கு உணர்த்தியது. லாக்ஃபோர்ஜே என்ற சிறு மென்பொருள் கூறில், தீவிரத்தன்மை மதிப்பீட்டில் பத்துக்குப் பத்து பெற்ற பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டது. அதை அடைப்பதற்கு முன்னால், அந்தக் கூறு தங்களுடைய எந்த மென்பொருளுக்குள், எந்தக் கணினியில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே பல நிறுவனங்கள் திணறின.

நியோஃபோர்ஜே, அமேசான் நெப்டியூன் ஆகியவை கிராஃப் டேட்டாபேஸ்கள். மைக்ரோசாஃப்ட்டின் அஸூர் டிஜிட்டல் ட்வின்ஸ் கட்டடங்களையும் ஆலைகளையும் இதே போல் உறவுகளாகவே பதிகிறது. கிராஃபிடம் கேள்வி கேட்பதற்கான ஜிக்யூஎல் மொழியை 2024 ஏப்ரலில் ஐஎஸ்ஓ சர்வதேசத் தரமாக வெளியிட்டது.

எல்லாவற்றையும் கிராஃபில் கொட்டிவிடக் கூடாது. நிமிடத்துக்கு நிமிடம் வரும் வெப்ப அளவுகளுக்குக் காலவரிசை டேட்டாபேஸே பொருத்தம். உறவுகளும் தற்போதைய நிலையும் கிராஃபில் இருந்தால் போதும். முழு கிராஃபைக் கிளவுடில் வைத்து, தன் கிடங்குக்கு உரிய பகுதியை மட்டும் ஒவ்வொரு கேட்வேயும் பிரதி வைத்துக்கொள்ளலாம். இணையம் துண்டிக்கப்பட்டாலும் உள்ளூர் வேலை நடக்கும். இணைப்பு திரும்பியதும் மாற்றங்களை ஒத்திசைக்கலாம்.

பழைய தகவலைச் சொல்லும் கிராஃப், கிராஃப் இல்லாததைவிட ஆபத்தானது. பழுதான சென்சாரை ஊழியர் மாற்றிவிட்டுப் பதியாமல் போனால், மறுநாள் வரும் பதில் தவறாகவே இருக்கும். அதனால் கருவி இணையும்போதும் விலகும்போதும் பதிவு தானாக மாற வேண்டும். ஒவ்வொரு உறவும் கடைசியாக உறுதிசெய்யப்பட்ட நேரத்தைச் சுமக்க வேண்டும். கிராஃப் டேட்டாபேஸை வாங்குவதற்கு முன் இந்த ஏற்பாட்டைச் செய்யுங்கள். தடுப்பூசி கெடாமல் காப்பாற்ற வேண்டிய நேரத்தில் கிராஃப் சொல்வதை நம்பிச் செயல்பட அதுதான் அடிப்படை.