மருந்தடிக்கும் கருவி நின்றுவிட்டால்

வாலாஜாபாத்தில் பாலாற்றங்கரை வயல்களுக்கு மருந்தடிக்கும் பேட்டரித் தெளிப்பான் நின்றுவிட்டால், உடனே பேட்டரியைக் குறை கூறாதீர்கள். முதலில் தொட்டியைக் காலி செய்து நீரால் அலசுங்கள். அந்நீர் கிணற்றிலோ வாய்க்காலிலோ சேரலாகாது.

பின்னர் சுவிட்சைப் போட்டு மோட்டாரின் ஓசையைக் கேளுங்கள். ஓசையே இல்லையெனில் பியூஸையும் களிம்பேறிய இணைப்பு முனைகளையும் சோதியுங்கள். 12 வோல்ட் பேட்டரி சார்ஜ் இழந்திருக்கவும் கூடும். மோட்டார் ஓடியும் நீர் வரவில்லையெனில், வடிகட்டியிலோ நாசிலிலோ அடைப்பிருக்கலாம். (சரியாகக் கரைக்காத தூள் மருந்தின் வேலை இது!)

நாசிலில் வாய் வைத்து ஊதவே கூடாது. 2017-இல் மராட்டிய மாநிலம் யவத்மாலில், பருத்திக்கு மருந்தடித்த உழவர்கள் பலர் நஞ்சேறி மாண்டனர். கையுறை அணிந்து, நீரில் ஊறவைத்து, பழைய பல் பிரஷால் தேயுங்கள். கம்பியால் குத்தினால் துளை அகன்று, மருந்து வீணாகும்.