எண்ணிப் பார்த்தீர்களா?

ஒரு வகுப்பில் நான்கு மாணவர்கள். கணிதத் தேர்வில் மூவருக்கு 60, 70, 80 மதிப்பெண்கள். நான்காமவர் காய்ச்சலால் தேர்வுக்கு வரவில்லை. வகுப்பின் சராசரி என்ன?

210ஐ மூன்றால் வகுத்தால் 70. நான்கால் வகுத்தால் 52.5. கூட்டுத்தொகை ஒன்றுதான், எதனால் வகுத்தோம் என்பதில்தான் வித்தியாசம். வராதவரைச் சுழியம் வாங்கியவராக நடத்தினால் வகுப்பே பின்தங்கியதுபோல் தெரியும்.

நான்கு பேர் என்றால் கண்ணாலேயே பார்த்துவிடலாம். ஆனால், பல நூறு வரிசைகள் உள்ள அட்டவணையை ஒரு நிரல் நொடியில் மாற்றியமைத்து, "இதோ சராசரி" என்று நீட்டும்போது அந்த நான்காமவர் நம் கண்ணில் படமாட்டார். பல்கலைக்கழகத்தில் தரவுப் பகுப்பாய்வு படிக்கும் நான், எந்தச் சராசரியைப் பார்த்தாலும் இப்போது முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: இது எத்தனை மதிப்புகளிலிருந்து வந்தது?

தமிழில் 'எண்ணிப் பார்' என்றால் கணக்கிட்டுப் பார் என்றும் பொருள், யோசித்துப் பார் என்றும் பொருள். தரவு படிப்பவர்களுக்கு இரண்டும் ஒரே வேலை.

நியூயார்க்கின் 153 நாள்கள்

'ஆர்' என்னும் நிரல்மொழியைக் கணினியில் நிறுவினால், பயிற்சிக்காகச் சில தரவுத்தொகுப்புகளும் சேர்ந்தே வரும். அவற்றில் ஒன்றின் பெயர் 'ஏர்குவாலிட்டி'. நியூயார்க் நகரில் 1973ஆம் ஆண்டு மே 1 முதல் செப்டம்பர் 30 வரை எடுத்த காற்றுத்தர அளவீடுகள் அதில் உள்ளன. புள்ளியியல் படிக்கும் மாணவர்களில் பலர் என்றாவது ஒருநாள் இதைத் திறந்து பார்த்திருப்பார்கள்.

நாளுக்கு ஒரு வரிசை வீதம் மொத்தம் 153 வரிசைகள். ஒவ்வொன்றிலும் நான்கு அளவீடுகள். ரூஸ்வெல்ட் தீவில் பிற்பகல் 1 மணியிலிருந்து 3 மணிவரை பதிவான ஓசோனின் சராசரி அளவு முதலாவது. சென்ட்ரல் பார்க்கில் அளந்த சூரியக் கதிர்வீச்சு இரண்டாவது. லாகார்டியா விமான நிலையத்தில் அளந்த காற்றின் வேகமும் வெப்பநிலையும் மற்ற இரண்டு.

காற்றின் வேகமும் வெப்பநிலையும் எல்லா நாளும் உள்ளன. ஓசோன் நெடுவரிசையில் 37 நாள்களுக்கும் கதிர்வீச்சு நெடுவரிசையில் 7 நாள்களுக்கும் எண் இல்லை. அந்தக் கட்டங்களில் 'என்ஏ' என்று இருக்கும். அதாவது, அளவீடு கிடைக்கவில்லை.

இந்த அட்டவணை 'அகன்ற' வடிவில் இருக்கிறது. நான்கு அளவீடுகளும் பக்கம் பக்கமாக நிற்கின்றன. ஒவ்வோர் அளவீட்டுக்கும் தனி வரிசை கொடுத்து மேலிருந்து கீழாக அடுக்கினால் அது 'நீண்ட' வடிவமாகும். 153ஐ நான்கால் பெருக்கினால் 612 வரிசைகள். அதில் 44 வரிசைகளில் எண் இல்லை. அவற்றை விட்டுவிட்டால் மிஞ்சுவது 568. இனி இவற்றை மாதவாரியாகத் திரட்டி ஓசோனின் சராசரியையும், உண்மையில் எண் இருந்த நாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

மே: 31 நாள்களில் 26 அளவீடுகள், சராசரி 23.6
ஜூன்: 30 நாள்களில் 9 அளவீடுகள், சராசரி 29.4
ஜூலை: 31 நாள்களில் 26 அளவீடுகள், சராசரி 59.1
ஆகஸ்ட்: 31 நாள்களில் 26 அளவீடுகள், சராசரி 60.0
செப்டம்பர்: 30 நாள்களில் 29 அளவீடுகள், சராசரி 31.4

சராசரியை மட்டும் அச்சிட்டிருந்தால் ஐந்து மாதங்களும் ஒரே தகுதியோடு வரிசையில் நின்றிருக்கும். எண்ணிக்கையைச் சேர்த்ததும் ஜூன் தனியாகத் தெரிகிறது. 30 நாளில் ஒன்பதே நாள்!

எதை எண்ணுகிறது நிரல்?

எண்ணுவது எளிய வேலைதானே என்று தோன்றலாம். ஆனால் நிரல்மொழிகளில் 'எண்ணு' என்ற கட்டளை ஒன்றல்ல, பல.

பைத்தான் மொழியின் 'பாண்டாஸ்' தொகுப்பில் 'சைஸ்' என்று கேட்டால் வரிசைகளின் எண்ணிக்கை வரும். ஜூன் மாத ஓசோனுக்கு விடை 30. 'கவுண்ட்' என்று கேட்டால் மதிப்பு உள்ள கட்டங்களை மட்டுமே எண்ணும். விடை 9. இரண்டுமே பிழையற்ற விடைகள். அவை இரு வேறு கேள்விகளுக்கானவை.

ஆர் மொழியில் 'லெங்த்' என்பது வெற்றுக் கட்டத்தையும் சேர்த்தே எண்ணும். அட்டவணைகளை மாற்றியமைக்க உதவும் 'ரீஷேப்2' என்ற தொகுப்பில், எப்படித் திரட்டவேண்டும் என்று நாம் சொல்லாவிட்டால் அது தானாகவே 'லெங்த்'தை எடுத்துக்கொள்ளும். 'என்ஏ' வரிசைகளை முன்பே நீக்கியிருந்தால் ஜூனுக்கு 9 வரும். நீக்காமல் விட்டிருந்தால் 30 வரும். நிரல் எந்தப் பிழையும் காட்டாது.

எக்செல் பயன்படுத்துவோரும் இதிலிருந்து தப்பமுடியாது. அதில் 'கவுண்ட்' எண்களை மட்டும் எண்ணும். 'கவுண்ட்ஏ' காலியாக இல்லாத எல்லாக் கட்டங்களையும் எண்ணும். ஒரு கட்டத்தில் "வரவில்லை" என்று தட்டச்சு செய்திருந்தால் 'கவுண்ட்ஏ' வராதவரையும் வந்தவர் கணக்கில் சேர்த்துவிடும்.

விடுபட்ட மதிப்பைத் தேடிப் பிடிப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. பாண்டாஸ் பெரும்பாலும் அதற்குப் பயன்படுத்தும் 'நேன்' என்ற குறி, கணினி எண்களுக்கான 'ஐட்ரிபிள்இ 754' தரநிலையின்படி தனக்குத்தானே சமமாகாது. ஆகவே, "இது நேனுக்குச் சமமா?" என்று கேட்டால் எப்போதும் "இல்லை" என்றே பதில் வரும். இதற்கென்றே உள்ள 'இஸ்என்ஏ' என்ற கட்டளையைத்தான் பயன்படுத்தவேண்டும்.

இரு மொழிகளின் குணமும் வேறு. ஒரே ஓர் 'என்ஏ' இருந்தாலும் ஆர், சராசரியாக 'என்ஏ' என்றே விடை தரும். "விடுபட்டதை நீக்கட்டுமா என்று நீயே சொல்" என்று நம்மிடம் திருப்பிவிடும். பாண்டாஸ் அப்படிக் கேட்பதில்லை. வெற்றுக் கட்டங்களைத் தாண்டி அமைதியாகச் சராசரி எடுத்துவிடும். வசதிதான். ஆனால் எத்தனை கட்டங்களைத் தாண்டியது என்று நாம் கேட்டால்தான் சொல்லும்.

சுழியம் எப்போது சரி?

நீண்ட அட்டவணையை மீண்டும் அகன்ற வடிவுக்குக் கொண்டுவரும்போது சில கட்டங்கள் காலியாக நிற்கும். அவற்றை 0 போட்டு நிரப்பும் வசதி பல தொகுப்புகளில் உண்டு. பார்ப்பதற்கு அட்டவணை நிறைவாக இருக்கும்.

நியூயார்க் தரவில் அப்படிச் செய்தால் என்ன ஆகும்? ஜூன் மாத ஒன்பது அளவீடுகளின் கூட்டுத்தொகை 265. அதை ஒன்பதால் வகுத்தால் 29.4. மற்ற 21 நாள்களுக்கும் சுழியம் போட்டு 30ஆல் வகுத்தால் 8.8. ஐந்து மாதங்களில் ஆகத் தூய்மையான காற்று ஜூனில்தான் இருந்தது என்று அட்டவணை சொல்லும். அந்தத் தூய்மை காற்றில் இல்லை, நாம் நிரப்பிய சுழியங்களில் இருக்கிறது.

எல்லா இடத்திலும் சுழியம் தவறு என்று சொல்லமாட்டேன். பள்ளி நூலகப் பதிவில் ஒரு மாணவர் ஜூன் மாதம் புத்தகம் இரவல் வாங்கியதாக வரிசையே இல்லையென்றால், அவர் வாங்கிய புத்தகங்கள் 0 என்பது சரியே. நடந்தால் மட்டும் பதிவாகும் செய்தி அது. காற்றில் ஓசோன் அப்படியல்ல. அளந்தாலும் அளக்காவிட்டாலும் அது இருந்தே இருக்கும். நிகழ்ச்சியை எண்ணுகிறோமா, இருக்கும் ஒன்றை அளக்கிறோமா என்று முதலில் தெளிவுபடுத்திக்கொண்டால் சுழியம் போடலாமா என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

ஒரு மாதம் முழுவதும் அளவீடே இல்லை என்று வைத்துக்கொள்வோம். பாண்டாஸில் கூட்டுத்தொகை கேட்டால், தனியாக எதுவும் குறிப்பிடாதவரை 0 வரும். வெற்று வரிசைகளை முன்பே நீக்கியிருந்தாலோ அந்த மாதமே அட்டவணையிலிருந்து மறைந்துவிடும். சரியான அட்டவணையில் அந்த மாதம் இருக்கவேண்டும். அதன் சராசரி காலியாகவும் எண்ணிக்கை 0 ஆகவும் இருக்கவேண்டும்.

எந்த ஒன்பது நாள்கள்?

எண்ணிக்கை தெரிந்த பிறகு இன்னொரு கேள்வி எழுகிறது. நான் ஜூன் மாதத் தரவை நாள்வாரியாகத் திறந்து பார்த்தேன். ஒன்பது அளவீடுகளும் 7ஆம் தேதிக்கும் 20ஆம் தேதிக்கும் இடைப்பட்டவை. முதல் ஆறு நாள்களுக்கு எதுவும் இல்லை. 21 முதல் 30 வரை பத்து நாள்களுக்கும் எதுவும் இல்லை.

அந்த ஜூனில் ஆக வெப்பமான நாள்கள் 11, 12. வெப்பநிலை 93, 92 டிகிரி ஃபாரன்ஹைட். அவ்விரு நாள்களிலும் ஓசோன் அளவீடு இல்லை. தரைக்கு அருகில் ஓசோன் உருவாக வெயில் தேவை. வெப்பமான நாள்களில் அது பொதுவாகக் கூடும். ஆகவே 29.4 என்ற சராசரி, அந்த மாதத்தின் ஆகக் கடுமையான இரு நாள்களைப் பார்க்காமலே சொன்ன பதில்.

டோனல்ட் ரூபின் என்ற புள்ளியியலாளர் 1976ஆம் ஆண்டில் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். தரவு விடுபட்டதற்கான காரணத்தை எந்தச் சூழ்நிலையில் கண்டுகொள்ளாமல் விடலாம் என்பதே அவர் எழுப்பிய கேள்வி. தற்செயலாக விடுபட்டிருந்தால் மிஞ்சியவற்றை நம்பலாம். விடுபட்டதற்கும் அந்த மதிப்புக்குமே தொடர்பு இருந்தால் மிஞ்சியவை நம்மை வேறு திசையில் இழுத்துச் செல்லும்.

இது ஏட்டுக் கேள்வி அன்று. சனிக்கிழமைகளில் நான் தொண்டூழியம் புரியும் துணைப்பாட வகுப்பில் உயர்நிலை மாணவர்கள் நான்கு குழுக்களாகப் படிக்கிறார்கள். கூடுதலாக ஒரு கணித ஆசிரியர் கிடைத்தார். அவரை எந்தக் குழுவுக்கு அனுப்புவது என்று முடிவெடுக்க, மாதத் தேர்வு மதிப்பெண்களைக் குழுவாரியாகத் தொகுத்துத் தரும்படி ஒருங்கிணைப்பாளர் அக்கா கேட்டார்.

மூன்றாம் குழுவின் கணிதச் சராசரிதான் ஆக உயர்வு: 68. அதன் பக்கத்திலேயே நான் இன்னொரு நெடுவரிசை சேர்த்திருந்தேன். 14 பேரில் தேர்வு எழுதியவர்கள் 5 பேர்.

"மற்ற ஒன்பது பிள்ளைகள் எங்கே?" என்று அக்கா கேட்டார். சராசரியைப் பற்றி அவர் பேசவே இல்லை. வீடுகளுக்குத் தொலைபேசியில் அழைத்தபோது சிலருக்கு உடல்நலமில்லை என்று தெரிந்தது. வேறு சிலர், கணிதம் புரியாததால் தேர்வு நாளில் மட்டும் வராமல் இருந்திருக்கிறார்கள். கூடுதல் ஆசிரியர் மூன்றாம் குழுவுக்குப் போனார். சராசரி மட்டும் இருந்திருந்தால் அந்தக் குழுதான் பட்டியலில் கடைசியாக நின்றிருக்கும்.

நீங்கள் செய்யக்கூடியவை

பள்ளிச் செயல்திட்டமோ பல்கலைக்கழக ஆய்வோ, மூன்று பழக்கங்கள் போதும்.

முதலாவது, அட்டவணையை மாற்றியமைக்கும் முன்னும் பின்னும் எண்ணுங்கள். 612இல் 44 போனால் 568. கணக்கு ஒத்துவராவிட்டால் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

இரண்டாவது, ஒவ்வொரு சராசரிக்கும் பக்கத்தில் இரண்டு எண்களைப் போடுங்கள்: எத்தனை மதிப்புகள் இருந்திருக்கவேண்டும், எத்தனை இருந்தன. வரைபடம் வரைந்தாலும் அதன் அடியில் எழுதலாம்.

மூன்றாவது, காலிக் கட்டத்துக்குக் காரணம் தெரிந்தால் தனி நெடுவரிசையில் குறித்துவையுங்கள். வரவில்லை, கருவி பழுது, பதில் சொல்ல விரும்பவில்லை என ஒவ்வொன்றும் வேறு வேறு செய்தி. மதிப்பு இருக்கவேண்டிய கட்டத்திலேயே அடையாளத்துக்காக 999 என்று போட்டுவைத்தால், நிரல் அதையும் உண்மையான எண்ணாக நினைத்துக் கூட்டிவிடும்.

அடுத்த கருத்தாய்வில் "60 பேரிடம் கேட்டோம்" என்று எழுதுவீர்கள். ஏழாம் கேள்விக்கு அந்த 60 பேரில் எத்தனை பேர் பதில் சொன்னார்கள் என்பதையும் அதற்குக் கீழேயே எழுதுங்கள்.