தேநீர்க்கடைக் குவளையும் ஒரு வடிவமைப்புதான்

சட்டைப் பையில் இருக்கும் ரூபாய் நோட்டை எடுத்துப் பாருங்கள். எண்ணுக்கு முன்னால் ஒரு குறியீடு இருக்கும். தேவநாகரி எழுத்து ஒன்றும் ஆங்கில எழுத்து ஒன்றும் கலந்த அந்தக் குறியீட்டை ஒன்றிய அரசு 2010இல் ஏற்றுக்கொண்டது. அதை வரைந்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த டி. உதயகுமார். அப்போது அவர் மும்பை ஐ.ஐ.டி.யின் தொழிலக வடிவமைப்பு மையத்தில் ஆய்வு மாணவர். ஒரு வடிவமைப்பு மாணவரின் பென்சில் கோடு இன்று நாடு முழுவதும் கைமாறிக்கொண்டிருக்கிறது.

ஆனாலும் நம் ஊர்ப் பிள்ளை ஒருவர் ‘டிசைன் படிக்கிறேன்’ என்று சொன்னால், ‘தையல் படிப்பா? பிளக்ஸ் பேனர் அடிக்கிற வேலையா?’ என்றுதான் கேட்கிறார்கள். கேட்பவர் மீது தவறில்லை. டாக்டர், இன்ஜினீயர், டீச்சர், போலீஸ் என்ற நான்கு சொற்களைத் தாண்டி நம் சேரிகளுக்கு வேறு படிப்பை யாரும் எடுத்துவந்து சொன்னதில்லை.

ஆம்பூர்ப் பக்கத்துச் சேரி ஒன்றிலிருந்து போய், வட மாநிலத்தில் உள்ள ஒரு வடிவமைப்புக் கல்வி நிறுவனத்தில் நான்காம் ஆண்டு முடித்திருக்கிறார் ஒரு மாணவி. விடுமுறைக்கு வந்தவரிடம் நாம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: இந்த நான்கு ஆண்டுகளில் என்ன கற்றுக்கொண்டீர்கள்? தன் பெயரும் கல்லூரியின் பெயரும் வேண்டாம் என்றார். மற்றதையெல்லாம் மனம்விட்டுப் பேசினார். பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்குப் பயன்படும் என்பதால் அதை இங்கே எழுதுகிறோம்.

அவருடைய அம்மா இருபது ஆண்டுகளாக ஷூ கம்பெனித் தொழிலாளி. தோலின் ஓரத்தைச் சீவி, மடித்து, தைக்கும் பிரிவு. அப்பா கட்டட வேலை. தாத்தா பறை கட்டத் தெரிந்தவர். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்த மாணவி, கல்லூரியில் சேர்ந்த முதல் மாதம் முழுவதும், ‘எனக்கு ஒன்றும் தெரியாது’ என்ற எண்ணத்தோடுதான் இருந்தாராம். உடன் படித்தவர்கள் பெருநகரங்களில் பணம் கட்டிப் பயிற்சி பெற்று வந்தவர்கள். விலை உயர்ந்த வண்ணப் பேனாக்கள், மடிக்கணினி, சரளமான ஆங்கிலம் எல்லாம் அவர்களிடம் இருந்தன. இவரிடம் இருந்தது பள்ளி ஓவிய ஆசிரியர் பரிசாகக் கொடுத்த ஒரு பென்சில் பெட்டி.

அவர் முதலில் கற்றது பார்ப்பதற்கு. வடிவமைப்புப் படிப்பின் முதலாண்டில் பெரும்பாலும் வரைதல், வண்ணம், வடிவம், பொருள்களின் தன்மை ஆகியவற்றைத்தான் கற்றுத் தருகிறார்கள். ஒரு கதவுக் கைப்பிடியை வரையச் சொல்வார்கள். கை எங்கே படுகிறது, எந்த இடம் தேய்ந்திருக்கிறது, குழந்தைக்கு எட்டுமா என்று பார்க்கச் சொல்வார்கள். ‘பதினேழு வயது வரைக்கும் நான் எதையும் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது’ என்கிறார்.

அடுத்து, செய்ததைத் தூக்கிப்போடக் கற்றார். ஒரு பொருளுக்கு முதலில் அட்டையில் மாதிரி செய்கிறார்கள். சரிவராவிட்டால் இரண்டாவது, பிறகு மூன்றாவது. கிழிந்த அட்டைக்காக யாரும் திட்டுவதில்லை. தப்பு விடையின் மேல் சிவப்புக் கோடு விழும் பள்ளியிலிருந்து போன பிள்ளைக்கு, தவறிய மாதிரியும் வேலையின் ஒரு பகுதிதான் என்பது பழகவே ஓர் ஆண்டு பிடித்திருக்கிறது.

மூன்றாவது, விமர்சனத்தைக் கேட்பது. இதுதான் மிகக் கடினமாக இருந்தது என்றார். அங்கே ஒவ்வொருவரும் தாம் செய்ததைச் சுவரில் ஒட்டிவிட்டு எல்லார் முன்னும் நிற்க வேண்டும். ஆசிரியர்களும் மாணவர்களும் குறை சொல்வார்கள். மற்ற பிள்ளைகளுக்கு அது வேலையைப் பற்றிய பேச்சு. பிறப்பைச் சொல்லித் திட்டு வாங்கியே வளர்ந்த பிள்ளைக்கோ, ‘இது சரியில்லை’ என்ற சொல், ‘நீ சரியில்லை’ என்றே காதில் விழும். இரண்டையும் பிரித்துக் கேட்கக் கற்றதுதான் தன் வளர்ச்சி என்கிறார் அவர். பிரித்துக் கேட்கப் பழகியபின் இன்னொன்றும் புரிந்ததாம். சில நேரங்களில் விமர்சனம் என்ற பெயரில் வருவது உண்மையாகவே இழிவுதான். அவர் தேர்ந்த அடர்ந்த வண்ணங்களைப் பார்த்து, ‘உன் ரசனை ரொம்ப லோக்கல்’ என்றார் ஒரு சக மாணவர். நுழைவுத் தேர்வில் எத்தனையாவது இடம் என்று விசாரித்தவர்களும், பெயருக்குப் பின்னால் என்ன என்று கேட்டவர்களும் உண்டு. முதலில் அழுதவர், பிறகு திரும்பக் கேட்கத் தொடங்கினார்: ‘எந்த வண்ணம்? எந்த இடத்தில்? ஏன் சரியில்லை?’ வேலையைப் பற்றிப் பேசியவர்களிடம் பதில் இருந்தது. மற்றவர்களிடம் இல்லை.

இரண்டாம் ஆண்டில் தோல் பற்றிய பாடம் வந்தது. அன்றிரவு அம்மாவுக்கு போன் செய்திருக்கிறார். ‘வயித்துப் பக்கத் தோலு இழுத்தா நீளும்மா, முதுகுப் பக்கத்துது நீளாது. அத பாக்காம வெட்டுனா ஷூ கோணிக்கும்’ என்றாராம் அம்மா. வகுப்பில் படம் போட்டு விளக்கியதும் அதுவேதான். பறைக்கட்டும் அப்படித்தான். வட்டமாக மரச் சட்டம் பூட்டி, புளியங்கொட்டைப் பசை தடவித் தோலை இழுத்து ஒட்டுகிறார்கள். ஈரம் ஏறினால் தோல் தளரும், ஒலி மங்கும். அதனால் அடிப்பதற்கு முன் தீயில் காட்டி விறைப்பேற்றுகிறார்கள். மரத்தையும் தோலையும் பசையையும் வெப்பத்தையும் ஒலியையும் ஒன்றாகக் கணக்கிட்டுச் செய்யும் இந்த வேலைக்கு நம் ஊர் வைத்த பெயர் இழிதொழில். நகரத்துக் கல்லூரி இதையே ‘பொருளறிவு’ என்று மதிப்பெண் போட்டுக் கற்பிக்கிறது.

அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று நாம் முடிவு செய்தது அடுத்து அவர் சொன்னதைக் கேட்டபோதுதான்.

1958இல் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் தம்பதி, இந்திய அரசின் அழைப்பில் வந்து ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அதன் தொடர்ச்சியாக 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் பிறந்தது. இந்தியாவில் தாங்கள் கண்டு வியந்த பொருள்களில் முதன்மையானதாக அவர்கள் சொன்னது, நம் வீட்டுச் செம்பு. இடுப்பில் நிற்கும், தலையில் நிற்கும், கையில் அடங்கும், ஊற்றினால் அளவாக விழும். அதை ஒருவர் வடிவமைக்கவில்லை, பல தலைமுறைகள் சேர்ந்து வடிவமைத்தன என்பது அவர்கள் கருத்து. வடிவமைப்பு படிக்கும் மாணவர்கள் இதைப் படிக்காமல் வெளியே வருவது அரிது.

நம் மாணவியும் படித்தார். பிறகு, அன்றாடப் பொருள் ஒன்றை ஆராய்ந்து வரச் சொன்னபோது, மற்றவர்கள் தண்ணீர் பாட்டிலையும் பல்துலக்கியையும் எடுத்துக்கொள்ள, இவர் எடுத்துக்கொண்டது தேநீர்க்கடையின் இரட்டைக் குவளையை. பாட்டி சொல்லக் கேட்டு ஒவ்வொன்றாக வரைந்தார். உள்ளே கண்ணாடி டம்ளர். வெளியே கூரைக் கம்பில் அடித்த ஆணியில் தொங்கும் அலுமினியக் குவளை. அதுவும் இல்லாத ஊரில் கொட்டாங்கச்சி. எது மலிவான பொருள், ஆணி எந்த உயரத்தில், குடித்தபின் யார் கழுவுவது, தேநீரை எவ்வளவு உயரத்திலிருந்து ஊற்றுவது என்று எல்லாவற்றையும் குறித்தார். கடைசிப் படத்தில் காகிதக் கப். இதைக் கழுவ வேண்டியதில்லை, ஆணியும் வேண்டியதில்லை. தீண்டாமை தீர்ந்துவிட்டதா, கண்ணில் படாமல் போனதா என்று கேட்டு முடித்திருக்கிறார்.

வகுப்பில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. ‘இது டிசைன் பாடமா?’ என்றார் ஒருவர். ‘செம்பு பாடமென்றால் இதுவும் பாடம்தான். செம்பில் இருக்கிற தண்ணீரை எல்லாரும் தொட முடிந்ததா என்று அந்தப் பாடத்தில் யாரும் கேட்கவில்லை’ என்று பதில் சொன்னாராம் இவர். ஆசிரியர் குறுக்கிடாமல் விவாதத்தைத் தொடரவிட்டார் என்பதையும் நன்றியோடு குறிப்பிட்டார்.

அந்தப் பதிலின் ஆழம் பெரியது. 1927 மார்ச் 20 அன்று மகாத் நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் இறங்கி அள்ளிக் குடித்தது வெறும் தண்ணீருக்காக அல்ல என்பதை நாம் அறிவோம். அரசமைப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. ஆனால் சாதி சட்டப் புத்தகத்தில் மட்டும் இருந்த ஒன்றல்ல. குவளையில், ஆணியில், திண்ணையின் உயரத்தில், சேரிக்கு வராமல் திரும்பும் சாலையில், சுடுகாட்டுப் பாதையில் அதைக் கட்டிவைத்திருக்கிறார்கள். மனிதர் ஒருவர் இறங்கித்தான் அடைப்பெடுக்க வேண்டும் என்றிருக்கும் பாதாளச் சாக்கடைக் குழியும் ஒருவர் வரைந்து கட்டியதுதானே? கட்டியதை மாற்றிக் கட்டலாம். அதற்கு வரையத் தெரிந்த கைகள் நம்மிடம் வேண்டும்.

அவருடைய இறுதியாண்டு வேலையும் இந்த வழியில்தான் போனது. தையல் பிரிவுப் பெண்கள் உட்காரும் ஸ்டூலை எடுத்துக்கொண்டார். அம்மாவும் அக்கம்பக்கத்துப் பெண்களும் நாள் முழுதும் குனிந்து தைத்து இடுப்பு வலியோடு வருவதைப் பார்த்தே வளர்ந்தவர். உட்காரும் உயரம், கால் மிதியின் தூரம், முதுகின் வளைவு என்று ஒவ்வொருவரையும் அளந்தார். முதல் மாதிரியில் கை வைக்க இடம் இருந்தது. உட்கார்ந்து பார்த்த பெண்கள், சேலை மாட்டுகிறது என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டார்கள். மூன்றாவது மாதிரியைத்தான் ஏற்றார்கள். ‘படித்த நான் சொல்வதைவிட உட்காருகிறவர் சொல்வதுதான் சரி. அதை அந்தப் பெண்கள்தான் எனக்குக் கற்றுத் தந்தார்கள்’ என்றார். எந்தக் கம்பெனியும் இன்னும் அந்த ஸ்டூலை வாங்கவில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இதைப் படிக்கும் தோழர்கள் சிலருக்கு ஒரு சந்தேகம் எழலாம். தோல், பறை, தையல் என்று பேசுவது குலக்கல்விக்குத் திரும்பும் வழியாகாதா? நியாயமான கேள்வி. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம், பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்றது. தந்தை பெரியாரும் திராவிட இயக்கத்தினரும் கடுமையாக எதிர்த்தார்கள். 1954இல் காமராஜர் முதலமைச்சரானபின் அது கைவிடப்பட்டது. அன்று எதிர்க்காமல் இருந்திருந்தால் இந்த மாணவி நான்காம் ஆண்டில் அல்ல, தோல் தொட்டியில் நின்றிருப்பார். அந்தத் திட்டம் பிறப்பைப் பார்த்துத் தொழிலைக் கையில் திணித்தது. இவர் முழுப் படிப்பையும் படித்து, விரும்பிய துறையைத் தானே தேர்ந்து, வீட்டில் கிடைத்த அறிவைத் தன் சொத்தாக எடுத்துக்கொண்டவர். நாளை அவர் கைபேசிச் செயலியோ தமிழ் எழுத்துருவோ வடிவமைக்கலாம். அந்தத் தேர்வு அவர் கையில் இருப்பதுதான் வேறுபாடு.

இனி மாணவர்களுக்கு. பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பாடப்பிரிவு எடுத்திருந்தாலும் இளநிலை வடிவமைப்புப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். தேசிய வடிவமைப்பு நிறுவனம், நிப்ட் எனப்படும் தேசிய ஆடை அலங்காரத் தொழில்நுட்ப நிறுவனம், ஐ.ஐ.டி.கள் ஆகியவற்றுக்குத் தனித்தனி நுழைவுத் தேர்வுகள் உண்டு. நிப்ட் சென்னை தரமணியிலேயே இருக்கிறது. பொதுவாகக் காலாண்டுத் தேர்வு முடிந்தபின் விண்ணப்பம் தொடங்கும். பொதுத் தேர்வு வரட்டும் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும். பட்டியலினத்தவருக்கு 15 சதவீதமும் பழங்குடியினருக்கு 7.5 சதவீதமும் இடஒதுக்கீடு உண்டு. கட்டணம் லட்சங்களில் இருக்கிறதே என்று பயந்து விலக வேண்டாம். குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. முதன்மை நிறுவனங்களில் சேரும் பட்டியலின மாணவர்களுக்கென ஒன்றிய அரசின் தனித் திட்டமும் இருக்கிறது; அதன் வருமான வரம்பு 8 லட்சம், இடங்கள் மட்டும் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. சாதிச் சான்றையும் வருமானச் சான்றையும் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்திலும் தாட்கோ அலுவலகத்திலும் நேரில் போய்க் கேளுங்கள்.

அரசிடம் கேட்க வேண்டியவையும் உண்டு. நீட் தேர்வையும் ஜே.இ.இ. முதன்மைத் தேர்வையும் தமிழில் எழுத முடிகிறது. வரையத் தெரிகிறதா என்று சோதிக்கும் தேர்வின் வினாத்தாள் மட்டும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் ஏன் நிற்க வேண்டும்? 2012இல் அரசுப் பள்ளிகளுக்கு நியமிக்கப்பட்ட பகுதிநேர ஆசிரியர்களில் ஓவிய ஆசிரியர்களும் அடக்கம். அவர்களில் பலர் பணி நிரந்தரம் கேட்டு ஆண்டுதோறும் தெருவில் நிற்கிறார்கள். வகுப்பிலோ ஓவியப் பாடவேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கொடுத்துவிடுகிறோம். அந்தப் பென்சில் பெட்டியைக் கொடுத்தவரும் ஓர் ஓவிய ஆசிரியர்தான் என்பதை மறக்க வேண்டாம். ஓவிய வகுப்பை ஓவியத்துக்கே விடச் சொல்லி பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர் கேட்கலாம். அதற்கு எந்த ஆணையும் தேவையில்லை.

பிள்ளைகளே, ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவின் தண்ணீர்க் குழாயை, ஊரின் தேநீர்க்கடைப் பெஞ்சை, சுடுகாட்டுக்குப் போகும் பாதையை உள்ளபடி வரையுங்கள். யாருக்காக அப்படி அமைத்தார்கள் என்று படத்தின் கீழே எழுதுங்கள். நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி அங்கிருந்தே தொடங்கலாம்.