வைக்கோல் சிந்திய வீடு

திருவருகைக் காலம் வந்துவிட்டால் நம் இல்லங்களின் ஒழுங்கு சற்றே குலைவது இயல்பு. முற்றத்தில் களிமண் குழைக்கப்படும். கூடத்தில் வைக்கோல் சிந்தும். தட்டில் விதைத்த கேழ்வரகுக்கு ஊற்றிய நீர் தரையில் வழியும். காகிதத்தைக் கசக்கிப் பசை தடவி மலை சமைக்கும் சிறுவரின் சட்டைகளும் வண்ணம் பூசிக்கொள்ளும். “விருந்தினர் வரும் வேளையில் வீடு இப்படியா?” என்று தாய்மார் கடிந்துகொள்வதும் உண்டு. கடையில் விற்கும் குடிலை வாங்கி வைத்தால் தரை தூய்மையாயிருக்கும். பிள்ளைகளோ வெறும் பார்வையாளராய் நிற்பர்.

1223-ஆம் ஆண்டு இத்தாலியின் கிரேச்சோ என்னும் சிற்றூரில் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் அமைத்த குடிலை நினைவுகூர்வோம். அங்கே சுரூபங்கள் இல்லை. தீவனத் தொட்டியும் வைக்கோலும், உயிருள்ள எருதும் கழுதையுமே இருந்தன. தொழுவம் தொழுவமாகவே இருந்தது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2019-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் நாள் அதே ஊரில் கையொப்பமிட்ட மடலில், இல்லங்களில் குடில் அமைக்கும் வழக்கத்தை ஊக்குவித்தார். நற்செய்தியில் இல்லாத உருவங்களைச் சிறுவர் சேர்ப்பதையும் அவர் குறையாகக் கருதவில்லை. மெய்யான மனித வாழ்வுக்கெல்லாம் அங்கே இடமுண்டு என்றார்.

ஆகவே, கை முறிந்த இடையனை ஒட்டி நிறுத்துவோம். கடைக்குட்டி கொண்டுவந்து வைக்கும் மண் யானையையும் பொம்மைப் பேருந்தையும் அகற்றாதிருப்போம். விண்மீன் சாய்ந்து தொங்கினும் தொங்கட்டும். அதை நிமிர்த்த நம் கை நீண்டால், செய்த பிஞ்சுக் கை மறுமுறை தயங்கும். மூவரசர் திருநாளுக்குப்பின் தரையைக் கழுவிக்கொள்ளலாம். பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் சென்றபின் அது தானே தூய்மையாயிருக்கும். அன்று நாம் தேடப்போவது இந்த வைக்கோலைத்தான்.