மேனியில் தோன்றும் கோடுகள்

பிறந்து சில மாதங்களே ஆன குழந்தையின் முதுகிலும் வயிற்றிலும் வெளுத்த கோடுகளும் சுழிகளும் தென்படும்போது, தேமலென்று எண்ணிக் களிம்பு தடவுவதும், வெண்குஷ்டமோவென்று கலங்குவதும் பெற்றோருக்கு இயல்பே. 1952-இல் ஜப்பானிய சரும வைத்தியர் இட்டோ விவரித்ததால் அவர் பெயராலேயே வழங்கும் இந்நிலை, தேமலோ வெண்குஷ்டமோ அன்று; தொற்றுவதுமன்று. அக்குழந்தை கர்ப்பத்தில் சிறு பிண்டமாயிருந்த காலத்திலேயே நிர்ணயமாகிவிட்ட ஒன்று.

முதுகுத்தண்டின்மேல் கீழ்நோக்கிக் கூர்ந்தும், விலாவில் வளைந்தும் செல்லும் அக்கோடுகள், நரம்பின் வழியையோ இரத்தக்குழாயின் வழியையோ பின்பற்றுவதில்லை என்பதை 1901-இல் படம் வரைந்து காட்டியவர் ஜெர்மானிய வைத்தியர் ஆல்ஃபிரெட் பிளாஷ்கோ. கரு வளருங்கால் சரும அணுக்கள் பெருகிப் பரவிச் சென்ற பாதைகளே அவை என்பது பின்னாளில் தெளிவாயிற்று.

ஒரே உயிரணுவிலிருந்து பிளந்து பிளந்து பெருகும் சரீரத்தில், ஏதோ ஒரு பிளவின்போது பிசகு நேர்ந்து, ஓர் அணுவுக்கு மட்டும் நாற்பத்தாறு குரோமோசோம்களுக்குப் பதில் நாற்பத்தேழு வந்துவிட்டால், அதன் சந்ததியும் மற்றவற்றின் சந்ததியும், ஒரே தறியில் ஓடும் இருநிற நூல்களைப்போல, அருகருகே வளர்கின்றன. நிறமி குறைந்த வம்சம் படர்ந்த இடமெல்லாம் வெளுத்துத் தெரிகிறது. எல்லாக் குழந்தைகளிடத்தும் காரணம் குரோமோசோமே என்பதில்லை. தனியொரு மரபணுவின் மாற்றமும் இதை விளைவிக்கும். பெரும்பாலும் கருத்தரித்தபின் நேரும் இப்பிசகுக்கு, கிரகணத்தில் வெளியே வந்தாளென்றோ, ஆகாததைத் தின்றாளென்றோ தாயைக் குற்றம் சாட்டுவது பெருங்கொடுமை.

குரோமோசோம்களைப் பார்க்கும் இரத்தப் பரிசோதனையில் குறையில்லை என்று வந்த மாத்திரத்தில் விசாரணையை முடித்துவிடலாகாது. பன்னிரண்டாம் குரோமோசோமின் குட்டைக்கரம் இரண்டுக்குப் பதில் நான்காயிருக்கும், இத்தகைய கோடுகளும் தோன்றக்கூடிய பாலிஸ்டர்–கில்லியன் என்னும் நோயில், இரத்த அணுக்கள் பெரும்பாலும் சரியாகவே காணப்படும். தோலிலிருந்து சிறு துணுக்கெடுத்து வளர்த்த அணுக்களில்தான் மாறுபாடு வெளிப்படும்.

மூளையும் மேற்றோலும் கருவின் ஒரே படலத்திலிருந்து உண்டாவதால், சில குழந்தைகளுக்கு வலிப்பும் அறிவு வளர்ச்சியில் தாமதமும் சேர்ந்து வரலாம். ஆயினும் பெரிய வைத்தியசாலைகளுக்கு வருவோர் பெரும்பாலும் உபத்திரவம் மிகுந்தவர்களே. கோடுகளைத் தவிர வேறு குறையேதுமின்றி ஓடியாடி வளரும் பிள்ளைகள் அநேகர் அங்கே வருவதேயில்லை. கோடுகளுக்கு மருந்து தேவையில்லை. கண், பல், எலும்பு, பேச்சு, நடை ஆகியவற்றை வைத்தியர் காலாகாலத்தில் பார்த்து வருவதும், வலிப்பு கண்டால் தாமதமின்றிச் சிகிச்சை தொடங்குவதுமே தேவை.