வேகப்படகுப் பந்தயம்: வருகிறவர் நிலைப்பது எப்படி?

வேகப்படகுப் பந்தயத்தை நம்மில் பலர் தொலைக்காட்சியில்தான் பார்த்திருப்போம். மும்பைவாசிகளான நமக்கு நேரில் பார்க்கவும் வாய்ப்புக் கிடைத்தது. எஃப்-1 எச்-2-ஓ எனப்படும் உலகப் பந்தயம் 2004இல் இங்கே நடந்தது. 2017 மார்ச்சில் மெரின் டிரைவ் ஓரமாகப் பி-1 படகுகள் சீறிப் பாய்ந்தன. 2018 நவம்பரில் ஆந்திராவின் அமராவதியில், கிருஷ்ணா நதியில், எஃப்-1 படகுகள் மறுபடி வந்தன. மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடியவை அவை. ஜனங்கள் கரையில் நின்று பார்த்தார்கள், கை தட்டினார்கள், வீடு திரும்பினார்கள். படகுகளும் ஊர் திரும்பிவிட்டன. அடுத்த ஆண்டு அமராவதிக்கு அவை வரவில்லை.

முப்பது வருஷம் அவுட்போர்டு என்ஜின்களோடு பிழைப்பு நடத்தியவன் நான். அதனால், “இதை ஓட்டக் கத்துக்கணும்னா எங்கே சார் போகணும்?” என்று என்னிடம் கேட்ட பையன்கள் உண்டு. பார்த்தவனை ஓட்டுபவனாக்க ஒரு வழி வேண்டும். அவன் அடுத்த வருஷமும் வர ஒரு காரணம் வேண்டும். இந்த இரண்டையும் மற்ற நாட்டு அமெச்சூர் கிளப்புகள் எப்படிச் செய்கின்றன என்பதை எனக்குத் தெரிந்த வரையில் சொல்கிறேன்.

சிறிய படகு, சிறிய வயது

அமெரிக்கப் பவர்போட் சங்கம் 1903இல் தொடங்கியது. அதன் பந்தயங்களில் ஓட்டுகிறவர்களில் பெரும்பாலோர் வார நாளில் வேறு வேலை பார்ப்பவர்கள். ஜூனியர் பிரிவில் ஒன்பது வயதுப் பிள்ளைகூட ஓட்டலாம். என்ஜினுக்குள் போகும் காற்றையும் எரிபொருளையும் குறைக்க, துளையிட்ட ஒரு சிறு தகட்டைக் கார்புரேட்டர் வழியில் வைத்துவிடுவார்கள். வேகம் அங்கேயே கட்டுப்பட்டுவிடும். ஐரோப்பாவில் இதே வேலையைச் செய்வது ஜி.டி.15 என்ற பிரிவு. 15 குதிரைத்திறன் என்ஜின், அவ்வளவுதான். அடுத்த படி 30 குதிரைத்திறன்.

பெற்றோரின் முதல் பயம் பாதுகாப்பு. அது நியாயமான பயமே. சிறிய பந்தயப் படகில் ஓட்டுபவர் மண்டியிட்டு உட்காருவார். ஒரு கையில் ஸ்டீயரிங், மறு கையில் அழுத்திப் பிடிக்கும் திராட்டில். கையை விட்டால் ஸ்பிரிங் அதை இழுத்துக்கொள்ளும், வேகம் விழுந்துவிடும். உடம்போடு ஒரு கயிறு கட்டியிருக்கும். ஆள் வெளியே விழுந்தால் கயிறு சுவிட்சை இழுத்து என்ஜினை நிறுத்திவிடும். ஹெல்மெட், மிதவைச் சட்டை, வெட்டுப்படாத துணியில் தைத்த உடுப்பு ஆகியவையும் உண்டு. இதையெல்லாம் கையில் எடுத்துக் காட்டி விளக்கும் கிளப்புக்குத்தான் பிள்ளைகள் வருகிறார்கள்.

தொடக்கக் கோட்டின் சங்கடம்

கார்ப் பந்தயத்தில் வண்டிகள் நின்று புறப்படலாம். படகுக்குப் பிரேக் இல்லை. தண்ணீரில் ஓரிடத்தில் அசையாமல் நிற்கவும் முடியாது. எனவே அமெரிக்காவில் சிறிய படகுகள் பலவும் சுற்றிக்கொண்டே இருந்து, கரையிலுள்ள பெரிய கடிகாரம் பூஜ்யத்தைத் தொடும் கணத்தில் கோட்டைக் கடக்க வேண்டும். ஒரு நொடி முந்தினால் தகுதி போச்சு. ஒரு நொடி பிந்தினால் முன்னால் போகும் படகுகள் வாரியிறைக்கும் தண்ணீரில் கண் தெரியாது.

புதியவர் தடுமாறும் இடம் இதுதான். முதல் நாளே அனுபவசாலிகளின் நடுவில் தள்ளிவிட்டால் மனுஷன் பயந்து ஓடிவிடுவான். ஆகவே முதல் சில பந்தயங்களில் புதியவரைப் பின்னால் புறப்படச் செய்யும் வழக்கம் இருக்கிறது. அவர் ஜெயிக்கமாட்டார். ஆனால் பந்தயத்தை முடிப்பார். முடித்தவருக்கு அடுத்த வாரமும் வரத் தோன்றும்.

பணம்

அடுத்த தடை செலவு. இதற்கு விடை ஜப்பானிலிருந்து வந்தது என்பது சுவையான செய்தி. அங்கே 1952 முதல் நடக்கும் ‘கியோட்டேய்’ என்ற படகுப் பந்தயம், பந்தயப் பணம் கட்டி ஆடுவது. ஓட்டுபவர்கள் தொழில்முறை வீரர்கள். ஒரே மாதிரி என்ஜின்கள். யாருக்கு எது என்பதைக் குலுக்கலில் முடிவு செய்வார்கள். வருஷா வருஷம் புது என்ஜின் வாங்கிப் பழையதைக் கழித்துவிடுவார்கள். அப்படிக் கழித்த ‘யமாட்டோ’ என்ஜின்கள் அமெரிக்க அமெச்சூர்களிடம் வந்து சேர்ந்தன. அவற்றுக்கென்றே ஒரு பிரிவும் ஏற்பட்டது. என்ஜினில் கைவைக்க விதி இடம் தராது. படகையோ, பிளைவுட் வாங்கி வீட்டுக் கொட்டகையிலேயே செய்துகொள்ளலாம். பணக்காரன் பணத்தால் ஜெயிக்க வழி குறைகிறது; சாமானியன் நிலைக்கிறான்.

இது நமக்குப் புதிதல்ல. கோவையின் கரிவரதன் மாருதி 800 என்ஜினை வைத்து, கட்டுப்படியாகும் விலையில் ‘ஃபார்முலா மாருதி’ பந்தயக் கார் செய்தார். நாராயண் கார்த்திகேயன் தொடங்கியது அந்தக் காரில்தான். 2005இல் அவர் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார்.

கரையிலுள்ளவர்கள்

வரவழைப்பதைவிடக் கடினம் நிலைக்க வைப்பது. மிச்சிகனில் இருக்கும் என் தங்கை மகன் ஒருமுறை ஓர் ஏரிப் பந்தயத்துக்கு அழைத்துப் போனான். “மாமா, இங்கே வந்தா சும்மா நிக்க விடமாட்டாங்க” என்றான். உண்மைதான். பத்து நிமிஷத்தில் யாரோ ஒருவரின் படகைத் தண்ணீரில் இறக்க நானும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டிருந்தேன். மனைவிமார் சுற்றுகளை எண்ணினார்கள். ஓட்டுவதை விட்டுவிட்ட ஒரு பெரியவர் மீட்புப் படகில் இருந்தார். புரொப்பெல்லர் உடைந்தவனுக்கு, அவனிடம் தோற்கப்போகிறவனே தன்னிடமிருந்ததைக் கொடுத்தான்.

குறையும் கண்ணில் பட்டது. அங்கே நரைத்த தலைகளே அதிகம். ஜூனியர் வயது கடந்ததும் கல்லூரி, வேலை என்று பிள்ளைகள் போய்விடுகிறார்கள். திரும்பி வருகிறவர்கள் அநேகமாக, அப்பாவோ அம்மாவோ இன்னும் கரையில் ஏதாவது வேலை செய்துகொண்டிருக்கும் வீட்டுப் பிள்ளைகள்.

இங்கிலாந்தின் ஓல்டன் பிராட் ஏரியில் 1933இல் தொடங்கிய மோட்டார் படகு கிளப், கோடைகாலத்தில் வியாழக்கிழமை மாலைகளில் பந்தயம் நடத்திவருகிறது. வேலை விட்டு வருகிறவர் எட்டிப் பார்க்கலாம்; இந்த வாரம் தவறினால் அடுத்த வாரம் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு திருவிழா தராத பழக்கத்தை வாராவாரம் கூடுவது தந்துவிடுகிறது.

நமக்கு என்ன?

நம் ஊரில் இந்த விளையாட்டு வேர்விட வேண்டுமானால் முதலில் வேண்டியது ஓர் ஏரி, நாலைந்து சிறிய படகுகள், ஒரே அளவு என்ஜின்கள், ஒரு மீட்புப் படகு, மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை. உலகப் பந்தயம் பிறகு வரட்டும்.

எழுதிக்கொண்டே வரும்போது நம் சங்கத்தையும் நினைத்துக்கொண்டேன். பொங்கல் விழாவுக்கு அரங்கம் நிறைகிறது. மாதக் கூட்டத்துக்கு வருவது அதே இருபது முகங்கள்தான். மும்பையிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளை நாற்காலியில் உட்காரவைத்துக் கைதட்டச் சொல்கிறோம். அவர்களிடம் ஒலிபெருக்கியையோ கணக்கு நோட்டையோ கொடுத்து, தப்பு செய்தால் பொறுத்துக்கொண்டால், மறுமாதமும் வருவார்கள் என்றே நம்புகிறேன்.