தண்ணீர் தாங்கிய உடல்

மும்பையின் தென்கோடியில் கொலாபா என்னும் பகுதி உள்ளது. அங்கே இந்தியக் கடற்படையின் அசுவினி மருத்துவமனை இருக்கிறது. 1965ஆம் ஆண்டுப் போரில் படுகாயமுற்ற முரளிகாந்த் பேட்கர் என்னும் இளம் படைவீரர், பின்னர் இம்மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார். மகாராட்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் பிறந்த அவர், படையில் பெயர்பெற்ற குத்துச்சண்டை வீரர். குண்டு தண்டுவடத்தில் பாய்ந்தமையால், அவருடைய உடல் இடுப்புக்குக் கீழே செயலிழந்திருந்தது. மருத்துவர்கள் அவரை நீந்தச் சொன்னார்கள்.

நடக்க இயலாதவரை நீரில் இறக்குவது ஏன்? விடுமுறையில் ஊருக்குச் சென்று கிணற்றில் நீர் இறைத்தவர்கள் இதற்கு விடை கூறிவிடுவார்கள். நீருக்குள் இருக்கும்வரை வாளி கனப்பதில்லை. நீர்மட்டத்தை விட்டு மேலே வந்ததும் கயிறு கையை இழுக்கும். மூழ்கிய பொருளை நீர் மேல்நோக்கித் தாங்குவதே இதற்குக் காரணம். இதனை மிதப்பு விசை என்பர். மார்பளவு நீரில் நிற்பவரின் கால்கள், அவர் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையே சுமக்கின்றன. ஆகவே, தரையில் ஓரடி வைத்தாலும் நோகும் மூட்டு, நீரில் எளிதாக அசைகிறது.

நீருக்கு மற்றோர் இயல்பும் உண்டு. கையை வேகமாக வீசினால் அது தடுக்கும். மெல்ல அசைத்தால் வழிவிடும். எனவே, நோயாளி தம் வலிமைக்கு ஏற்பத் தசைகளைப் பழக்கலாம். இதற்கென மருத்துவமனைகளில் அமைக்கும் குளங்களில் நீரை 33 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை வெதுவெதுப்பாக வைப்பர். இறுகிய தசைகள் அதில் தளரும். செம்பூரின் மாநகராட்சி நீச்சல் குளம் உடற்பயிற்சிக்கு நல்லதே; ஆயினும் அது மருத்துவக் குளம் ஆகாது. ஆறாத புண்ணோ, காய்ச்சலோ, வலிப்பு நோயோ உடையவர்கள் மருத்துவரைக் கேளாமல் எந்தக் குளத்திலும் இறங்கக் கூடாது.

சிதைந்த தண்டுவடத்தை நீரால் சீராக்க முடியாது. பேட்கரின் தோள்களுக்கும் கைகளுக்கும் மூச்சுக்கும் அது வலிமை தந்தது. சிகிச்சைக்காக நீந்தத் தொடங்கியவர், போட்டிக்காக நீந்தலானார். 1972இல் மேற்கு ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் பாராலிம்பிக் போட்டிகள் நடைபெற்றன. அங்கே 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீச்சலை 37.33 வினாடிகளில் முடித்து, உலகச் சாதனையுடன் தங்கம் வென்றார். பாராலிம்பிக்கில் இந்தியா பெற்ற முதல் தங்கம் அதுவே. ஒலிம்பிக்கில் இந்தியர் ஒருவர் தனிநபர் தங்கம் பெற 2008 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை எண்ணினால், அவ்வெற்றியின் அருமை புலப்படும். நாடு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியதோ 2018இல். வென்று 46 ஆண்டுகளுக்குப் பின்னர்.